பழைய தேதிப் பத்திரம்

“கூச்சப்படாம இரும்வே. இனிமே இது உம்ம நாற்காலி.”

ரோஜா மாலையைப் போட்டு, சூப்பர்வைசர் ஞானசிகாமணியைத் தன் நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தார் வன்னியராஜ். பேட்டை தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனிக்கு அவர் முதலாளி. இருபது வருஷ விசுவாசத்துக்குக் கம்பெனியையே எழுதித் தருகிற முதலாளியை அந்த வட்டாரம் அதுவரை கண்டதில்லை.

ஞானசிகாமணிக்குக் கண் கலங்கியது. “எனக்கு எதுக்கு முதலாளி இதெல்லாம்?”

“இனிமே என்ன முதலாளி? அண்ணாச்சின்னே கூப்பிடும். இங்கன ஒரு கையெழுத்து போடும்.”

“பத்திரத்துல தேதி தொண்ணூத்திரெண்டுன்னு இருக்கே, முதலாளி. நாலு வருஷம் முந்தியில்லா?”

“அப்பவே குடுத்திருக்கணும்வே. பிந்திப்போச்சு.”

பழைய தேதி முத்திரைத்தாளுக்காகக் காலையிலிருந்து ஜங்ஷன் முழுக்க அலைந்தவர் அவர். கையெழுத்து விழுந்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

விஷயம் வேறு ஒன்றுமில்லை. தொழிற்சாலைகளைச் சோதனை போட வரும் அதிகாரி போன வாரம் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டார். எந்தக் கம்பெனி என்ன தந்தது என்று எழுதிவைத்திருந்த நோட்டும் சேர்ந்து சிக்கியது. “கம்பெனி குடுத்திருந்தா, கம்பெனிக்குப் பொறுப்பானவருதான் உள்ள போகணும்” என்று வக்கீல் சொன்னதிலிருந்து வன்னியராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு வருஷமாக அந்த அதிகாரி வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை அம்பாசமுத்திரத்து அரிசியும் ஒரு டின் நல்லெண்ணெயும் அனுப்பியவர் அவர். சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனது ஞானசிகாமணி. அதன் புண்ணியத்தில் சோதனையில் ஒரு குறைகூட எழுதப்படவில்லை. அப்படியிருந்தும் இயந்திரத்துக்குக் காப்பு வலை, ஆட்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி என்று ஞானசிகாமணி நச்சரித்து வாங்கிவைப்பார். “அரிசிதான் போகுதே, வலை எதுக்குவே?” என்று வன்னியராஜ் சலித்துக்கொள்வார்.

பட்டறைப் பக்கமிருந்து தாளிக்கும் வாசம் வந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சமையல் ஆவுடைத்தாய். ஒரு வாரத்துக்குப் பிறகு வன்னியராஜுக்குப் பசித்தது.

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. லஞ்ச ஒழிப்பு அதிகாரி முகம்மது மைதீன் உள்ளே வந்தார்.

“இந்தக் கம்பெனிக்கு யாரு பொறுப்பு?”

வன்னியராஜ் முந்திக்கொண்டு பத்திரத்தை நீட்டினார். “இவருதான் சார். நாலு வருஷமா எல்லாமே இவருதுதான். எனக்கு இங்க ஒரு ஆணிகூடச் சொந்தமில்ல.”

“அதை எழுதித் தருவீங்களா?”

“இந்தா, இப்பவே எழுதுதேன் சார்.”

எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். மைதீன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஞானசிகாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அந்த நோட்டுல இருபத்திமூணு கம்பெனி இருக்கு. உங்க கம்பெனிக்கு நேரா மட்டும், ‘ஒரு மணி அரிசி தந்ததில்ல, குறை சொல்லவும் வழியில்ல’ன்னு எழுதியிருக்காரு. நீங்கதான் எங்களுக்கு முதல் சாட்சி. மத்த இருபத்திரெண்டு பேரையும் அரசாங்க ஆர்டர்ல இருந்து நிறுத்தியாச்சு. இந்த வருஷத்துப் பம்பு ஆர்டர் மொத்தமும் உங்ககிட்டதான் வரும்னு பேசிக்கிடுதாங்க.”

ஜீப் போனது. வன்னியராஜ் ஞானசிகாமணி பக்கம் திரும்பினார்.

“ஏன்வே, மாசாமாசம் நான் குடுத்தனுப்புன மூட்டையெல்லாம் எங்கவே போச்சு?”

ஞானசிகாமணி மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பட்டறையில் ஆவுடைத்தாய் இலை போட ஆரம்பித்திருந்தாள்.

“அந்த வீட்டு வாசப்படி ஏற எனக்கு மனசு வரல. நம்ம ஆளுகளுக்கே பொங்கிப் போட்டாச்சு. இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க, அண்ணாச்சி.”