குளவி அப்பிய சேறு

ஊரிலேயே முதல் பசுமைக் கட்டடம் அது. சுவரெல்லாம் மண். அந்த மண் மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. ஒருநாள் அதன் பெயர்ப்பலகைக்குக் கீழே குளவி ஒன்று கூடு கட்ட ஆரம்பித்தது.

"ஏய், என் மேல என்னத்த அப்புற?" என்று அலறியது கட்டடம்.

"மண்ணுதாங்க. பக்கத்துக் குட்டையில எடுத்தது."

"அது சேறு! இன்னிக்கு விருதுக்குழு வருது, என் மானத்த வாங்காதே!"

குளவி அடுத்த உருண்டை எடுக்கப் போயிருந்தபோது குழு வந்துவிட்டது. வந்தவர்கள் சுவரை விட்டுவிட்டுக் கூட்டையே படம் பிடித்தார்கள்.

"உள்ளூர் மண்ணு, லாரிச் செலவே இல்ல! யார் கட்டுனது?"

"நான்தான்," என்றது கட்டடம். "என்னோட மாதிரி வீடு."

அப்போதுதான் திரும்பி வந்த குளவியால் பேச முடியவில்லை. வாய் நிறைய மண் இருந்தது.