அக்காவுடையதைவிடப் பெரிய சங்கு

காலிச் சங்குக்குள் குடியிருந்து, அதைச் சுமந்தே திரியும் நண்டுகள் அவை. அதில் ஒரு குடும்பத்தின் மூத்த மருமகளுக்கு வழவழப்பான சங்கு ஒன்று அமைந்துவிட்டது. இளையவள் மட்டும் இன்னும் பாட்டில் மூடிக்குள் இருந்தாள். 'அக்கா' என்று அவள் அழைக்கும் மூத்தவளின் சங்கைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே எரிந்தது.

ஒரு நாள் அலை இரண்டு சங்குகளைக் கரையில் ஒதுக்கியது.

"சின்னது உனக்கு அளவா இருக்கு," என்றான் கணவன்.

"அதுல குடிபோனா அக்கா சிரிப்பாங்க. பெரிசுதான் வேணும்."

"எப்படித் தூக்கிட்டு நடப்பே?"

"போகப்போக வளர்ந்துடுவேன்."

பெரிய சங்குக்குள் புகுந்தாள். ஒரு சாண்கூட இழுக்க முடியவில்லை. இரையெல்லாம் நீரோரத்தில் கிடந்தது. கணவன் கொண்டுவந்த பாசி பாதி வயிற்றுக்கும் போதவில்லை.

"வெளியே வந்து தின்னுட்டுப் போயேன்."

"நான் இறங்கினா அக்கா ஏறிடுவாங்க."

ஐந்தாம் நாள் மூத்தவள் வந்து சங்கை மூன்று முறை சுற்றிப் பார்த்தாள்.

"உள்ளே ரொம்ப வசதியோ?" என்று கேட்டாள், சங்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

இளையவளுக்குப் பசியே மறந்துபோயிற்று. மெலிந்த கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"வெளியே போகவே மனசு வரலை, அக்கா."