முன்கூட்டியே ஒரு மன்னிப்பு

கோப்பை மட்டும் ஆடினால் மேல்வீட்டுச் சிஹாரு. கூரை விளக்கும் சேர்ந்து ஆடினால் நிலநடுக்கம். ஒசாக்காவில் ஐந்து வருடமாக மொரிவாக்கி வைத்திருந்த கணக்கு இது. அந்த எட்டு வயதுப் பெண் ஓடினால் தெருமுனைக் கல் புத்தரே காதைப் பொத்திக்கொள்வார் என்று புகார்க் கடிதமும் எழுதிப் போட்டார்.

அன்றிலிருந்து மூன்று மாதமாகச் சத்தமே இல்லை. கடிதத்துக்குப் பயந்துவிட்டார்கள் என்று மார்தட்டிக்கொண்டார்.

இன்று சிஹாருவின் அம்மா கைத்துண்டுப் பெட்டியோடு வாசலில் வந்து குனிந்தாள். வீட்டில் சத்தம் வரப்போகிறது என்றால் அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே கொடுக்கும் பெட்டி.

"ஏதாவது இடிக்கிற வேலையாம்மா? பரவால்ல. பொண்ணுக்கு ஒருவழியா நடக்கக் கத்துக் குடுத்துட்டீங்களே, அதுவே போதும்" என்றார்.

"நாளைலேர்ந்துதான் ஐயா கத்துக்கப்போறா. விபத்துல வலது கால் போயிடுச்சு. செயற்கைக் காலோட ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றா. பழகுற வரைக்கும் சத்தம் கேக்கும். மன்னிச்சுக்கணும்."

மொரிவாக்கி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவளைவிடத் தாழக் குனிந்தார்.

மறுநாள் காலை மேலே 'டொக்' என்றது. இன்னொரு 'டொக்'. பிறகு நின்றுவிட்டது.

மொரிவாக்கி அண்ணாந்து பார்த்தபடி, அடுத்த சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.