காரமில்லாத வீடு

மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்ததுமே தும்மல் வந்தது.

அடுத்த தும்மலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

எவ்வளவு நாளாயிற்று, இந்த அடுப்படியில் ஒருத்தர் தும்மி.

அவள் கரண்டியைத் தேடவில்லை. கைதான் அள்ளியது. கல்யாணமான நாளிலிருந்து அள்ளிய கை, அளவை மறக்கவில்லை. புளிக்கரைசலில் பொடி விழுந்து, சட்டி செக்கச்சிவந்து கொதித்தது. சாளை மீனை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள்.

ருசி பார்க்க முடியாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்த்தாள். போதும் என்று தோன்றியது. கையைக் கழுவினாள்.

அவளுக்குக் குரோன்ஸ் நோய். குடலில் புண் வரும், ஆறும், சொல்லாமல் கொள்ளாமல் திரும்பவும் வரும். உறைப்பு அவளுக்கு ஆகவே ஆகாது.

அவள் சாப்பாடு வேறு. குழைய வெந்த சோறு, பாசிப்பருப்பு, விதை எடுத்த சுரைக்காய், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு அவித்த மீன். பத்தியச் சோறு என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தந்த பெண், முதலில் சால்மன் மீன் என்றுதான் ஆரம்பித்தாள். அந்த மகராசன் தூத்துக்குடியில் எந்த வலையிலும் விழுந்ததில்லை. இவள் முழித்த முழியைப் பார்த்து, சாளையும் நல்லதுதான் என்று அவளே இறங்கி வந்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

வயிறு ஒருவழியாக அடங்கியது. மனசு அடங்கவில்லை.

மருந்து வாங்கியது போக மிஞ்சுவதில் இரண்டு சமையல் கட்டுப்படியாகாது. சிலிண்டரும் மாதக் கடைசி வரை தாங்காது. ஒரே சமையல்தான். அவள் சாப்பிட்டதையே புருஷனும் மகளும் சாப்பிட்டார்கள்.

இரண்டு வருஷம்.

புருஷன் செல்டன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை நறுக் நறுக்கென்று கடித்தவன். அவன் சுரைக்காயைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போவான். மகள் ஜெர்லினும் அப்படியே. முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. என் ஒருத்தி வயிற்றுக்காக இதுகள் நாக்கைப் பட்டினி போடுகிறேனே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே இருப்பாள்.

போன வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். மாத்திரையை விட்டுவிடாதே, சாப்பாடும் இப்படியே இருக்கட்டும் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். கேஸ் போனால் போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை இதுகளுக்கு ஒரு நல்ல குழம்பு.

கோயிலில் பூசை முடிந்து வந்த இருவரும் வாசலிலேயே நின்றார்கள். செல்டன் மூக்கை உயர்த்தி, யார் வீட்டுக் குழம்பு என்று கேட்டான்.

நம் வீட்டுது என்றாள். பெருமை தாங்கவில்லை.

சுடச்சுடப் பரிமாறினாள். அவர்களுக்குச் சோறும் குழம்பும். தன் தட்டில் தன்னுடையது.

செல்டன் முதல் வாய் வைத்தான். கண்ணை மூடினான்.

அருமை என்றான். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் கலங்கிவிட்டது. பாவம், எவ்வளவு ஏங்கியிருக்கிறான் மனிதன்.

இரண்டாவது வாய்க்குக் காது சிவந்தது.

மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. செம்புத் தண்ணீர் ஒரே மடக்கில் காலியாயிற்று. ஜெர்லின் நாக்கை வெளியே நீட்டி இரண்டு கையாலும் விசிறிக்கொண்டிருந்தாள்.

பொடி கூடிவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்டாள். இல்லை இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள். மூக்கு ஒழுக ஒழுக ஆட்டினார்கள்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே அளவுதான். இதையே இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டவன்தான் இவன்.

அப்போது ஒரு சின்னக் கை அவள் தட்டுக்குள் வந்தது.

ஜெர்லின் குழைந்த சோற்றை ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். அப்பாடா என்று கண்ணை மூடினாள். இன்னொரு பிடி எடுத்தாள். அம்மாவைப் பார்க்காமலே அவித்த மீனில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

செல்டன் மகளைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான். திருட வந்த வீட்டில் மாட்டிக்கொண்டவனைப் போல நெளிந்தான்.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாத," என்றான். "நம்ம சோறு மிச்சம் இருக்கா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

நம்ம சோறாம்.

இது எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த நாளில், எந்தச் சுரைக்காயில். அவள் குமைந்துகொண்டிருந்த நேரத்தில் இவர்கள் பாட்டுக்கு ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பேசாமல் எழுந்து போனது வயிறு நிறைந்துதான் போலிருக்கிறது.

சந்தோஷம் முகத்தில் பொங்கி வந்தது. அதை மறைக்க, கோபம் வந்தவளைப் போல முறைத்தாள்.

"இன்னைக்கு எனக்கு மட்டுந்தான் வச்சேன்."

சொல்லிவிட்டுத் தட்டை நடுவில் தள்ளினாள்.

அடுத்த நிமிஷம் தட்டு துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே தின்றார்கள் இரண்டு பேரும். சாளை முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை. குழம்புச் சட்டியை ஜெர்லின் எதிர்வீட்டு ரெஜினாக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

அம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்.

நல்ல பசி. சிரித்துக்கொண்டே எழுந்து, மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.