முதல் சார்ஜ்

"பத்தாச்சா? லேசரை நிறுத்து. ஒரு நிமிஷம்கூட அந்தப் பொண்ணுக்குக் கொடுக்காதே!"

இன்னொரு குழு ஆளின் போனில் அவருடைய புரொபசர் கத்தியது, அக்காவின் ஆராய்ச்சிக்கூட வராந்தா பெஞ்சில் இருந்த அம்மாவுக்கும் எனக்குமே கேட்டது.

"சரி சார்" என்றபடி லேசர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிமிஷம் பிசகாதவர் என்பதால் அவருக்கு அங்கே 'கடிகாரம்' என்று பெயர். இரண்டு குழுவுக்கும் ஒரே லேசர். இன்று காலை பத்துவரை அக்காவின் முறை, அப்புறம் அவருடையது.

மாற்றுத்துணியோடு வந்திருந்த அம்மா கொதித்துவிட்டாள். "என்னடி அநியாயம்? உங்கக்கா நேத்து விடிஞ்சதிலேர்ந்து உள்ளேயே கிடக்கா. அரை மணி விட்டா இவன் குடியா முழுகிடும்?"

எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். புது பேட்டரியை முதல்முறை சார்ஜ் பண்ணும்போதுதான் உள்ளே தகட்டின்மேல் ஒரு மெல்லிய தோல் படரும். பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதே அந்தத் தோலைப் பொறுத்தது. அது படர்வதைப் பார்க்க, ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டைவிடச் சின்னதான லேசர் துடிப்புகளை அடிக்க வேண்டும். விட்டால் போச்சு, அதே பேட்டரியில் மறுபடி வராது. அக்காவிடம் இருந்தது கடைசி பேட்டரி. அவளுக்கு லேசர் அடுத்த முறை கிடைப்பது மூன்று மாதம் கழித்து. அவள் ஆராய்ச்சிக்குக் கெடு இந்த மாதத்தோடு சரி.

"அப்ப இது பிரசவம் மாதிரிடி! பாதியில எழுந்து போன்னு எவனாவது சொல்வானா?"

உள்ளேயிருந்து அவர் குரல். "எழுந்திரு."

"ப்ளீஸ், இப்பத்தான் ஆரம்பிக்குது..." அக்கா கெஞ்சினாள்.

"கையை எடுன்னு சொல்றேன்ல? தள்ளு. சேரை விடு."

அக்கா விசும்புவது கேட்டது.

"கட்டையில போறவன்!" அம்மா கதவை நோக்கிப் பாய்ந்தாள். இழுத்து உட்கார வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆள் மண்டையில் ஒன்று போடணும் போலத்தான் இருந்தது.

உள்ளே போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

அப்புறம் அக்கா வீல் என்று கத்தினாள்.

கதவு படாரென்று திறந்தது. ஓடி வந்தவள் அம்மாவை அப்படியே தூக்கிச் சுற்றினாள்.

"கிடைச்சிருச்சும்மா! தோல் படருது! ஸ்க்ரீன்ல கோடு கிடுகிடுன்னு ஏறுது, இன்னும் ஏறுது!"

"இறக்குடி, இடுப்பு போச்சு! அந்தப் பாவி உன்னைத் துரத்தலையா?"

"துரத்துறதா? முப்பது மணி நேரமாத் தூங்காம என் கை வெடவெடன்னு ஆடுதும்மா. லேசரைத் திருப்பி விடுற கண்ணாடி மயிரிழை நகர்ந்து லேசர் விலகிருச்சு. என்னால சரிபண்ணவே முடியல. அவர்தான் என்னைத் தள்ளிட்டு உட்கார்ந்து நேராக்கினார். இப்பவும் அவர்தான் பாத்துட்டிருக்கார்!"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மாவும்.

மணி பத்தே முக்கால். திறந்த கதவு வழியாக மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தார்.

"லேசரை நிறுத்திட்டியா இல்லையா?"

"இல்ல சார்."