மருமகளுக்கு எட்டு மாதம்

“மருமகளுக்கு எட்டு மாதம். இந்த நேரத்திலை மொரோக்கோவுக்குச் சுற்றுலா போறியளோ அக்கா?”

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மல்வேர்னில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சுபாங்கிக்கு மனம் பொறுக்கவில்லை.

“மலையடிவாரத்திலை ஒரு குட்டி ஊர். பத்து நாளிலை வந்திடுவன்.” புஸ்பராணி பெட்டிக்குள் சுவெற்றரை வைத்தாள்.

“உங்கட மருமகளை நான் இன்னும் காணேல்லை. ஆனால் அழுகிறது சுவரைத் தாண்டிக் கேக்குது. தாய்க்கு விசா கிடைக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்? நீங்களும் ஊர் சுத்தப் போனால், பிள்ளை பெத்த உடம்புக்குச் சரக்குக்கறி ஆர் காய்ச்சிக் குடுக்கிறது?”

“என்ர சரக்குக்கறி அவளுக்கு இறங்காது.”

“தாயின்ர கைச்சமையல் எண்டால் இறங்கும்!” சுபாங்கி வெடுக்கென்று சொன்னாள்.

“அதைப் பழகத்தான் போறன்.” புஸ்பராணி சிரித்தாள். “எங்கட சல்மா மொரோக்கோப் பிள்ளை. தாய் அந்த ஊரிலைதான் இருக்கிறா. பிள்ளை பெத்தவைக்கு அங்கை வெந்தயம் போட்டு ஒரு கோழிக்கறி வைப்பினமாம். சம்பந்திக்குப் பக்கத்திலை நிண்டு பழகினால்தானே அந்தக் கைப்பக்குவம் வரும்?”

சுபாங்கி தன் வீட்டுக்கு ஓடினாள். யாழ்ப்பாணத்திலிருந்து தன் அம்மா அனுப்பிய சரக்குத்தூள் பொதியோடு திரும்பி வந்தாள்.

“பெட்டியிலை கொஞ்சம் இடமிருக்கோ அக்கா? இது உங்கட சம்பந்திக்கு.”