கடைசிப் பழுது

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

பெய்ததாகத்தான் நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் நடுவீட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். வெயிலாக இருந்திருந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

மடியில் பேட்டரித் துப்பாக்கி. சவ்சவ் பந்தலுக்கு வரும் குரங்குகளை விரட்ட வாங்கியது. வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டுகளைத் துப்பும்.

விசையை அழுத்தினார். சத்தமே இல்லை.

பதினோரு மணிப் பேருந்தில் அவர் போவதாக இருந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு. விமலா என்ற பெண்ணிடம். இனி வரப்போவதில்லை என்று திங்களன்றே சொல்லிவிட்டார்.

சொன்ன நாளிலிருந்து வீட்டில் உடைந்ததையெல்லாம் சரிசெய்துகொண்டிருந்தார். கூரை ஓடு. குழாய். கொல்லைக் கதவின் கீல். பழுதை அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரியாத மனிதர்.

புதன் சாயங்காலத்தோடு பழுதுகள் தீர்ந்துவிட்டன. வியாழன் காலையில் இந்தத் துப்பாக்கி.

பக்கத்துத் தோட்டத்துச் சடையாண்டி அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, குரங்குகிட்டயும் சொல்லிட்டுத்தான் கெளம்புவியா?”



அவர் பேட்டரியைச் சார்ஜரில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. விசைப் பூட்டைத் தள்ளிப் பார்த்தார். இணைப்பைக் கழற்றி மாட்டினார். கைப்பிடியைத் திறந்து, பேட்டரி வயர்களை நேராக மோட்டாரில் தொட்டார். உர்ரென்று சுற்றியது.

மோட்டார் நன்றாக இருந்தது. பேட்டரியும். நடுவில்தான் ஏதோ.

மணி பத்தே முக்கால்.

பின்பக்கத்தைத் திறந்தார். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

எரிந்துபோன ஃப்யூஸ் உள்ளேயேதான் கிடக்கும். தானாக இறங்கிப் போகாது.

அந்த இடத்தையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அது சமையலறையில், கடுகு டப்பாவுக்குள் இருந்தது. எங்கே என்று அவர் கேட்டால், போகாதீர்கள் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். மூன்று நாளாக என் வாயில் வராத சொல்.

அவர் கேட்டது குறடு மட்டும்.

எடுத்துக் கொடுத்தேன்.

பழைய வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, அந்த இடத்தில் முறுக்கினார். விசையை அழுத்தினார். குண்டு சுவரில் பட்டுத் தெறித்தது.

துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

“ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்காத, கற்பகம். உள்ள எரிஞ்சிரும்.”

“சரிங்க.”

அவ்வளவுதான் பேசினோம்.

அவர் இப்போது ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். சடையாண்டி அண்ணன் போன ஆனியில் இறந்துபோனார். தோட்டம் தரிசாகக் கிடக்கிறது. நான் பழனியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பவர்களிடம், வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்கிறேன்.